வைஃபைக்கும் தகுதித் தேர்வா?

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிறதே, அதுதான் எங்கள் காலேஜ் சர்வர் ரூம். ஏசி இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த செமஸ்டரிலிருந்து வைஃபையில் எந்தக் கருவி சேரலாம் என்று ஒரு குறைந்தபட்ச விதி வைத்திருக்கிறோம். "என் டப்பா போன் மெதுவா ஓடினா உங்களுக்கென்ன சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

வைஃபை சேனல் ஒற்றையடிப் பாதை மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். 1500 பைட் டேட்டா 1 எம்பிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில், போக 12 மில்லி செகண்ட். 54 எம்பிபிஎஸ்ஸில் கால் மில்லி செகண்டுகூட ஆகாது. முன்னால் ஆமை போனால் பின்னால் வரும் புது ஐபோனும் நிற்க வேண்டியதுதான். வைஃபை சிக்னல் தரும் பெட்டியான அக்சஸ் பாயிண்டும் லேசுப்பட்டதல்ல. "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்குச் சுமார் பத்து முறை அது அனுப்பும் பீக்கன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குறைந்த வேகத்தில்தான் போகும். எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் ஏழெட்டு அக்சஸ் பாயிண்ட், ஒவ்வொன்றிலும் நான்கு எஸ்எஸ்ஐடி, அதாவது வைஃபை பெயர்; பெயருக்கொரு பீக்கன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று உரசாத சேனலோ மூன்றே மூன்று: 1, 6, 11.

அதனால் குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினோம். 1999-இல் வந்த பழைய வைஃபை வகையான 802.11பி-யின் உச்சமே 11 என்பதால் அதற்கு இனி இடமில்லை. கூடவே டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் என்ற பாதுகாப்பு முறை: ஆளுக்கொரு லாகின், பொதுப் பாஸ்வேர்டு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையனின் போன் அதற்குப் பின்னால் வந்த 802.11என் வகை. ஜோராக ஓடுகிறது. படுத்தது எது தெரியுமா? ஸ்டாஃப் ரூம் வாசலில் அட்டென்டன்ஸ் போடும் கைரேகை மெஷின்! அதற்கு அந்த வேகமும் தெரியாது, அந்த லாகினும் தெரியாது. திங்கள் மாலை பார்த்தால் பாதி டிபார்ட்மெண்ட் ஆப்சென்ட், நான் உட்பட. எச்ஓடி மேடம் திட்டவில்லை. ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். மெஷினைச் சுவரிலிருந்து கழற்றினால், பின்னாலேயே நெட்வொர்க் கேபிள் செருகும் லான் போர்ட், ரப்பர் மூடிகூட எடுக்காமல்! கேபிள் இழுத்தோம், சரியாகிவிட்டது.

அப்புறம், நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இல்லாத லேப்டாப்பையே தடை செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கி வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? புதிதாக வாங்குபவர்களுக்கு அதைப் பரிந்துரையாக மட்டும் போட்டோம். பழைய லேப்டாப் மக்கர் செய்தால் எங்கள் ரூமுக்கு வாருங்கள். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் நான்கு இருக்கிறது. ஐடி கார்டைக் கொடுத்து எடுத்துப் போகலாம்.