பால் ஊற்றாத டீயும் 212-வது எபிசோடும்

(கோத்தகிரியில் நூலக வாசகர்களிடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது, மைக் வேறு கரகரக்கிறது. பின்னால் இருக்கிற அக்காக்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

16 வருடமாகச் சென்னையில் டிவி தொடர்களுக்கு வசனம் எழுதுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம், பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது நிறுத்திக் கேட்பார்கள்: "தம்பி, அந்தப் பொண்ணு கடைசியில புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவாளா, மாட்டாளா?" எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவதில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனியில் சத்தியம் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே தெரியாது. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டைட்டில் ஓடும்போது கதை என்று ஒரு பெயர், திரைக்கதை என்று ஒரு பெயர், வசனம் என்று இன்னொரு பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சேனலில் ஒப்புதல் வாங்கும்போது கையில் இருப்பது கொஞ்சம்தான். நாயகி யார், அவள் மனசில் என்ன குறை, யாரோடு அவளுக்கு ஒத்துப்போகாது, ஆரம்பத்துச் சில வாரங்கள் எப்படிப் போகும். அதற்கப்புறம் வாராவாரம்தான். திரைக்கதை எழுதுகிறவர் சேனல்காரர்களோடு பேசி அடுத்த வாரத்துக்கு ஒன்லைன் போடுவார். "செவ்வாய்க்கிழமை மாமியாருக்கு உண்மை தெரிகிறது" என்று ஒரே ஒரு வரி. அதை ஆறேழு காட்சியாகப் பிரித்து எனக்கு அனுப்புவார். அதைப் பேச்சாக்குவது என் வேலை.

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது 20, 22 நிமிடம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருடத்துக்கு 300 எபிசோடு. இரண்டரை மணி நேர சினிமாவாகக் கணக்குப் போட்டால் ஒரு வருடத்தில் 40 சினிமா. இதை முன்கூட்டியே எழுதி வைக்க யாராலும் முடியாது. வியாழக்கிழமை ரேட்டிங் வரும். எந்த ட்ராக்கை, அதாவது கதையின் எந்தக் கிளையை, ஜனங்கள் பார்க்கவில்லையோ அது சுருங்கும், எதைப் பார்க்கிறார்களோ அது வளரும். முடிவு தெரியாமல் எழுதுவது சோம்பேறித்தனம் இல்லை அக்கா, இந்த வேலையின் அமைப்பே அப்படித்தான்.

கதை இங்கேதான் பிறக்க வேண்டும் என்றும் இல்லை. 2020-ல் தொடங்கிய 'பாக்கியலட்சுமி'யை உங்களில் பலர் பார்த்தீர்கள். அதன் மூலம் வங்காளத்தில் 2019-ல் வந்த 'ஸ்ரீமோயி', எழுதியவர் லீனா கங்கோபாத்யாய். இந்தி 'அனுபமா'வுக்கும் மூலம் அதுதான். ஒரே கதை மூன்று ஊரில் மூன்று அம்மாக்களாக நடமாடியது. கொல்கத்தாவில் பிறந்த ஒரு பெண்மணி நம் வீட்டு அடுக்களையில் நின்று பேசினால் பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே இருக்க வேண்டும். அங்கேதான் வசனம் எழுதுகிறவருடைய உழைப்பு இருக்கிறது, அதைக் கண்டுகொள்கிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

அமெரிக்காவில் ஒரு தொடருக்குப் பல எழுத்தாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதுகிற வழக்கம் உண்டு. 2023-ல் மே 2 முதல் 148 நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த அறையில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. எனக்கு அப்படி ஓர் அறை கிடையாது. ஒரு மேஜை, ஒரு போன், காலையில் ஷூட்டிங்குக்குப் போய்ச் சேர வேண்டிய சீன் பேப்பர், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ஆறரைக்கு அந்த போன் அடித்தது. அம்மா வேடம் போடுகிறவருக்குக் கடும் காய்ச்சல், வர முடியாது. அன்றைக்கு எடுக்க வேண்டியதோ, மகள் புகுந்த வீட்டில் அவமானப்பட்டு வந்து அம்மா மடியில் விழுந்து அழுகிற காட்சி. நாலு பக்கம் எழுதியிருந்தேன். ஒன்பது மணிக்கு ஷாட். உட்கார்ந்து மாற்றினேன். மகள் வருகிறாள், வீடு பூட்டியிருக்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுச் சிறுமி சாவியைத் தருகிறாள். அடுக்களையில் தட்டு போட்டு மூடிய சோறு இருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் சாப்பிடுகிறாள். "இன்னைக்கும் உப்பு கம்மிம்மா." அவ்வளவுதான் வசனம். நாலு பக்கத்தில் எனக்கு வராதது அந்த ஒரு வரியில் வந்தது.

அந்த வரியும் நடிக்கிறவருக்கு மனப்பாடம் இல்லை, தெரியுமா? கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் நின்று ஒவ்வொரு வரியாகப் படிப்பார், அதைக் காதில் வாங்கி அப்படியே பேசுவார்கள். ப்ராம்ப்டிங் என்போம். அதனால் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வாக்கியமாகத்தான் எழுதுவேன். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். மூச்சு முட்டினால் அங்கே வெட்டிவிடுவேன்.

"ரொம்ப இழுக்கிறீங்களே" என்று கோபப்படுகிறீர்கள். நியாயம்தான். ஒரு நடிகரின் கால்ஷீட் கிடைக்கவில்லை, எடுத்து வைத்த எபிசோடு தீர்ந்துவிட்டது என்றால் ஒரு அறை வாங்கின முகத்தை மூன்று பக்கமிருந்து காட்டித்தான் நாளை ஓட்டுகிறோம். காரணம் இருக்கிறது, ஆனால் அதற்காக நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

பார்க்கிறவர்கள் கேட்பதும் எழுத்தில் ஒரு பங்குதான். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதி 150-க்கும் மேற்பட்ட எபிசோடு போனது. லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. நாட்டின் முதல் நெடுந்தொடரிலேயே ஜனங்கள் பாத்திரங்களை வீட்டு மனிதர்களாக நினைத்து எழுதினார்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் வாய்மொழியாக வந்தது, இதே மலையில், இலை எடை போடுகிற இடத்தில்.

முப்பது வருடமாகத் தேயிலை பறிக்கிற அக்கா ஒருவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன் சீரியல்ல அந்த மாமியாக்காரி, புருஷன் செத்த அன்னிக்கு அடுப்புல பால் பொங்கிட்டிருந்துச்சு, அதுக்கப்புறம் பால் ஊத்துன டீ தொடுறதில்லன்னு சொன்னா. நாப்பதாவது எபிசோடு இருக்கும். நேத்து மருமக குடுத்த பால் டீயக் குடிச்சிட்டு நல்லா இருக்குங்கறா. அவ புருஷன மறந்துட்டாளா, இல்ல நீ மறந்துட்டியா?"

நான்தான் மறந்திருந்தேன். 40-வது எபிசோடில் எழுதிய என் வரியை 212-வது எபிசோடில் நானே மிதித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சென்னைக்குப் போனதும் இயக்குநரிடம் கேட்டு, அடுத்த வாரத்தில் ஒரு சின்னக் காட்சி வாங்கினேன். மருமகள் மறுபடி டீ கொண்டுவருகிறாள். மாமியார் தம்ளரைத் தள்ளி வைக்கிறாள். "அன்னிக்குக் குடிச்சேன்ல. அன்னிக்கு ராத்திரி எவ்வளவு யோசிச்சும் அவரு முகம் ஞாபகத்துக்கு வரல. பால் ஊத்தாம எடுத்துட்டு வாம்மா."

ஒளிபரப்பான மறுநாள் காலையில் வீட்டிலிருந்து போன் செய்தார்கள். அந்த அக்கா வாசல் வரை வந்து, "சரியாச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாராம்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டும்.