கொடியில் காயாத துணி

(சாரல் காலத்து ஞாயிறு மாலையில், செங்கோட்டையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், சுக்குக் காபி தீர்ந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் பார்த்தேன். முப்பது குடை இருக்கும், அத்தனையும் கறுப்பு. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் போன்றவள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா உள்ளே வர முடியாது. அதனால்தான் ஐந்து நிமிடம் தாமதம். மன்னிக்கணும்.

'சீசன் காதல் கதை எழுதுகிற சுகம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் இதே ஊரில் ஒரு பெரியவர் என்னிடம், "நல்லாத்தாம்மா எழுதுத. எப்ப சீரியஸா எழுதப் போற?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றைக்கு மைக் என் கையில் இருக்கிறது.

எங்கள் வீடு குற்றாலத்துக்குப் பக்கம். ஜூன் பிறந்தால் மாடியில் இரண்டு ரூமை அம்மா வாடகைக்கு விடுவாள். ஆகஸ்ட் முடிகிறவரை நாங்கள் எல்லாரும் கீழே ஒரே அறையில் படுக்கணும். அந்த மூன்று மாதம்தான் என் கல்லூரி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. மொட்டைமாடித் தகரத்துக்குக் கீழே ஒரே ஒரு கொடி. அதில் கொல்லத்துக்காரர் வேட்டி, ராஜபாளையத்துக்காரர் சேலை, எங்கள் பாவாடை சட்டை எல்லாம் வரிசையாகத் தொங்கும்.

ஒரு வருஷம் மூன்றாம் நாள் காலையில் அம்மா கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, அந்தப் பச்சைத் துண்டு நேத்து இந்த ஓரத்துலதான கெடந்துச்சு?" என்றாள். ஆமாம். இப்போது நடுவில் இருந்த நாலு துணியைத் தாண்டிப் போய், மஞ்சள் தாவணிக்குப் பக்கத்தில் தொங்கியது. துண்டு கொல்லத்து வீட்டுப் பையனுடையது. தாவணி யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் இன்றைக்கும் தீபாவளிக்கு வருகிறார்கள். அம்மா பேசாமல் துண்டை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். மறுநாள் பார்த்தால் தாவணி நகர்ந்திருந்தது.

நான் எழுதிய முதல் கதை அதுதான். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும், அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சீசன் கதைக்கு வில்லன் வேண்டாம். ரூம் வாடகையே வில்லன். நாலு நாளைக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஐந்தாம் நாள் ஊருக்குப் போகணும். மற்றக் கதைகளில் காதலர்களைப் பிரிக்கச் சாதி வேண்டும், சொத்து வேண்டும், கோடாலி வேண்டும். இங்கே திரும்பிப் போகிற பஸ் போதும். ஆனால் அது பெரிய துக்கமும் இல்லை. அடுத்த ஜூன் வரும், அருவியும் விழும். அந்த 'ஐயோ'வுக்கும் 'சரி, பார்க்கலாம்' என்பதற்கும் நடுவில் நிற்கிற இடத்தைத் தொடுவதுதான் இதில் உள்ள வித்தை. அழவைப்பது இதைவிடச் சுலபம், நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை கதாநாயகனை அருவியில் வழுக்கிவிழ வைத்துக் கொன்றுவிட்டேன். படித்த அம்மா, "ரூமுக்கு வந்த பிள்ளைய ஒழுங்கா ஊருக்கு அனுப்பி வைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு நான் யாரையும் கொன்றதில்லை.

சினிமாவில் அருவிக்குக் கீழே இரண்டு பேரும் சேர்ந்து நனைவார்கள். பேரருவியில் நனைந்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்! ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி, நடுவில் விசிலோடு போலீஸ்காரர். ஆகவே என் கதையில் காதல் அருவிக்கு வெளியேதான் நடக்கும். உலர்ந்த துணிப்பையை யார் வைத்துக்கொண்டு நிற்பது என்கிற சண்டையில், மிளகாய் பஜ்ஜிக் கடையில், ரம்புட்டானா மங்குஸ்தானா என்று தெரியாமல் விலை கேட்கிற இடத்தில். குளித்துவிட்டு உதடு நடுங்க நிற்கிற பெண்ணுக்கு யாரோ ஒருவன் சூடான தேங்காய் எண்ணெய் பஜ்ஜியை நீட்டினால், அதற்கு மேல் வசனம் எதற்கு?

எல்லையில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கிற சொற்கள் காலை வாரிவிடும். தண்ணீர் அதிகமாகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். "அருவியில் வெள்ளம், யாரும் குளிக்க வேண்டாம்" என்று மைக்கில் சொல்வார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கேரளத்திலிருந்து வந்த பாட்டி ஒருத்தி கையில் சோப்போடு நின்று, "வெள்ளமில்லாதெ எங்ஙனே குளிக்கும்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவளைக் கதாநாயகியின் பாட்டி ஆக்கிவிட்டேன்.

இன்னொரு சொல் 'இஷ்டம்'. ஒரு கதையில் பையன் கொல்லம், பெண் ராஜபாளையம். அவன் மூன்று நாள் ஒத்திகை பார்த்து, "எனிக்கு இஷ்டமாணு" என்கிறான். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவள் காதில், "என் இஷ்டம், நான் அப்படித்தான் செய்வேன்" என்று விழுகிறது. திமிரைப் பார் என்று நினைத்து, தோளைக் குலுக்கி, "உங்க இஷ்டம்" என்றுவிட்டுப் போகிறாள். அவன் அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் இஷ்டம் என்று நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுக்கிறான். இதை எழுதியபோது நான் அடுப்படியில் தனியாகச் சிரித்து, பால் பொங்கி வழிந்துவிட்டது. தலைப்பில் சொல்கிற சுகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

லேசான கதைதானே என்று தகவலில் லேசாக இருந்துவிட முடியாது. இந்த ஊர் வாசகர் விடமாட்டார். பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள் நுழையும் அல்லவா, தமிழ்நாட்டில் நுழைந்து கேரளத்தில் வெளியே வருகிற குகை. அந்த இருட்டில் ஒருவனைக் காதல் சொல்ல வைத்தேன், இரண்டு பக்க வசனம். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, குகை ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. வண்டி 30 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்தாலும் ரெண்டு நிமிஷம். உங்க ஆள் பேசுறதுக்குள்ள ஆரியங்காவு வந்துரும்" என்றார். வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து நிமிடம் ஆனது. வெட்டினேன். மிஞ்சியது ஆறு வரி. பாதி வாக்கியத்தில் வெளிச்சம் வந்துவிடுகிறது, மீதியை எதிர் சீட்டுப் பாட்டி முன்னால் சொல்லணும். கதை அதனால்தான் பிழைத்தது.

1904இல் வந்த அந்தப் பாதையில், அகலப்பாதை போடுவதற்காக 2010இல் வண்டியை நிறுத்தினார்கள். 2018இல்தான் மறுபடி முழுமையாக ஓடியது. அந்த எட்டு வருஷமும் என் காதலர்கள் எல்லாம் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போனார்கள்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்திலும் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். மாலை வெயிலில் பூவெல்லாம் அவள் பக்கம் திரும்பின என்று எழுதினேன். தோட்டக்காரர் சிரித்தார். மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்புமாம். முழுக்க மலர்ந்துவிட்டால் கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும். சாயங்காலம் சூரியனைப் பார்த்து நிற்கிற ஆளைப் போட்டோ எடுத்தால், பின்னால் பூவெல்லாம் முதுகைக் காட்டும். இப்போது என் கதையில் அவள் கோபித்துக்கொள்ளும் இடம் அது. "பூகூட ஒங்களப் பாக்கலையே!"

லேசாக எழுதுவது மட்டம் என்பவர்களுக்கு நம் ஊர்க்காரரையே காட்டுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி. வசந்தவல்லி உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கித் தவிக்கட்டும், அது மரபு. கவிராயர் உண்மையில் குஷியாவது பின்னால் சிங்கன் வந்தபிறகுதான். காணாமல்போன சிங்கியைக் கண்டுபிடித்ததும், அவள் காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே என்று பதறுகிறான். குறி சொல்லிப் பரிசாக வாங்கிய சிலம்புடா என்கிறாள் அவள். நகை நகையாகச் சந்தேகமும் பதிலும் நீள்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய மனைவியும், சந்தேகமும் ஆசையும் தாங்காத புருஷனும். நான் எழுதுவதும் இந்தப் பரம்பரைதான், ஐயா. அந்தப் பெரியவர் வந்திருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். புளியரைக்குக் கடைசி பஸ் இருக்கிறவர்கள் கிளம்பலாம். போகும்போது ஒன்று, வாசலில் என் குடையும் கிடக்கிறது, பிடியில் பச்சை நூல் கட்டியிருப்பேன். வரும்போது அதற்குப் பக்கத்தில் இன்னொரு குடை, அதே இடத்தில் மஞ்சள் நூல் கட்டியது, சாய்ந்து கிடந்தது. யாருடையது என்று தெரியவில்லை. பார்த்து எடுங்கள். மாறிப்போய்விட்டால் நாளைக்கு இங்கே கொண்டுவந்து வையுங்கள், நான் நாலு மணிக்கு வருவேன்.