காவல்காரன் வீட்டிலேயே குடியேறும் கிருமி

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம், காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பையனின் அம்மா என்னிடம் கேட்டார்: “பையனுக்கு இருமல் நின்னுடுச்சு, எடையும் ஏறிடுச்சு. இன்னும் நாலு மாசம் எதுக்கு சார் இந்த மாத்திரை?” நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சளிப் பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனால் காசநோய்க் கிருமியை நேரிலேயே பார்க்கலாம். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவுவார்கள். பெரும்பாலான கிருமிகளில் சாயம் வெளுத்துவிடும். இதில் போகாது. மேலே நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் குச்சிகள்! மெழுகு பூசியதுபோன்ற தடித்த கொழுப்புச் சுவர்தான் காரணம். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது இந்தக் கிருமியைத்தான்.

சரி, இது நுரையீரலுக்குள் போனதும் என்ன ஆகிறது? அங்கே காவலுக்கு நிற்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல் இதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் அந்தப் பையோடு வந்து கலந்தால் கிருமியின் கதை முடிந்தது. 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சேதமடைந்த கிருமிகள் இருந்த பைகளில் லைசோசோம் கலந்திருந்தது. முழுசாக இருந்த கிருமிகளின் பைகளில் பெரும்பாலும் கலக்கவே இல்லை. அதாவது, உயிருள்ள கிருமி அதைத் தடுக்கிறது.

எப்படி? லைசோசோம் வந்து சேர, பையின் மேல் ஓர் அடையாளக் கொழுப்பு வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியைக் கிருமி வெளியே விடுகிறது. இன்னொரு புரதத்தை அனுப்பி, பைக்குள் அமிலம் இறைக்கும் பம்ப்பையும் அண்டவிடாமல் செய்கிறது. நம்மைக் காக்க வந்த செல்லே அதற்குக் குடியிருப்பாகிவிடுகிறது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறொன்று. பல கிருமிகள், கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நம் டி செல்களிடம் சிக்காமலிருக்க முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமி அப்படி இல்லை. டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகள் அதில் பெரும்பாலும் மாறாமலே இருக்கின்றன என்று 2010-இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. ஏன்? நம் எதிர்ப்பின் சூட்டில்தான் நுரையீரல் திசு அழிந்து குழி விழுகிறது. குழி விழுந்தால் இருமல், இருமினால் அடுத்த ஆளுக்குப் பரவல். நாம் அடையாளம் காண்பதே அதற்கு லாபமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தடுப்பூசி செய்வது இங்கே ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் செங்கல்பட்டில் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை.

அப்புறம் அந்த அம்மாவின் கேள்வி. இந்தக் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் பெருகாமலே முடங்கிக் கிடக்கும். வேகமாகப் பெருகுகிறவற்றை முதல் இரண்டு மாத மருந்து பெருமளவு அழித்துவிடும், இருமலும் நிற்கும். முடங்கிக் கிடப்பவை அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. மீதி நாலு மாத மாத்திரை அவற்றுக்காகத்தான், அம்மா.