எறும்பு எங்கே போகுது?

வணக்கம். சின்னப் பிள்ளைகளை விலங்குகளிடம் அன்பாக இருக்கப் பழக்குவது எப்படி, சொந்தமாகக் கதை எழுத ஊக்குவிப்பது எப்படி, இந்த இரண்டைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி விஷயம் மாதிரித் தெரியும். பல வருஷமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதிப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உற்றுப் பார்ப்பது. ஒரு உயிரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிள்ளைக்கு அதை அடிக்கக் கை வராது, அதைப் பற்றிச் சொல்லவும் ஏதாவது இருக்கும். இன்றைக்கு நான் எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று எறும்பு வரிசையை மிதிக்கிறது என்று வையுங்கள். 'பாவம், மிதிக்காதே' என்கிறோம். நாம் நிற்கும்வரை மிதிக்காது. நாம் உள்ளே போனதும் மிதிக்கும். கொடூரமான பிள்ளை என்று பயந்துவிட வேண்டாம். மிதித்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறது, அவ்வளவுதான். அதன் கண்ணுக்கு அவை இன்னும் நகரும் புள்ளிகள். 'பாவம்' என்ற வார்த்தையால் அந்தப் புள்ளிக்குள் ஒரு உயிர் இருப்பதைக் காட்ட முடியாது. ஒரு கேள்வியால் முடியும். 'இதெல்லாம் எங்கே போகுது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். அதுதான் நமக்குக் கஷ்டம், முழங்கால் வலிக்கும், போன் அடிக்கும், வேலை கிடக்கும். இருந்தாலும் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஆறு வயது இருக்கும், ஒரு இடத்தில் நிற்கமாட்டான், எறும்பைக் கண்டால் கால் தானாகப் போகும். அவனோடு ஒருநாள் சுவர் ஓரமாக ஒரு வரிசையைப் பின்தொடர்ந்து போனேன். பாதி வழியில் அவனே கேட்டான், 'இதுக்கு மட்டும் வழி எப்படித் தெரியுது?' முன்னால் போகிற எறும்பு தரையில் ஒரு வாசனையை விட்டுக்கொண்டே போகும், பின்னால் வருவது தலையில் இருக்கிற உணர்கொம்பால் அதை மோந்துகொண்டே வரும் என்றேன். அவன் நம்பவில்லை. சரி, எறும்பு மேல் படாமல், நடுவில் இடைவெளி வரும்போது விரலால் தரையை ஒருமுறை அழுத்தித் தேய் என்றேன். தேய்த்தான். அந்த இடத்துக்கு வந்ததும் இந்தப் பக்க எறும்பும் நின்றது, அந்தப் பக்க எறும்பும் நின்றது. வட்டம் போட்டன, திரும்பின, ஒன்றின் முகத்தை ஒன்று தொட்டுத் தொட்டுப் பார்த்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று எப்படியோ கடந்துபோனது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் வரிசை பழையபடி ஓடியது. பையன் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, 'இப்ப நீதான் அந்த எறும்பு. என்ன ஆச்சுன்னு சொல்லு, நான் எழுதுறேன்' என்றேன். அவன் சொன்னான்: 'நான் நடந்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு வாசனை தொலைஞ்சு போச்சு. முன்னாடி போனவங்க யாரையும் காணோம். வானத்திலேர்ந்து ஏதோ பெருசா வந்துட்டுப் போச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு, ஆனா வாயில சோறு இருந்துச்சு.'

இந்தக் கடைசி வரியை நானெல்லாம் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது. வானத்திலிருந்து வந்தது தன் விரல்தான் என்பது அவனுக்குத் தெரியும், அதை எறும்பின் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டான். அதற்கப்புறம் அவன் எறும்பு வரிசையைத் தாண்டித்தான் போவான், தெரியாமல் வருகிறவர்களையும் நிறுத்துவான். மிதிக்காதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், எழுதியது நான், கதை அவனுடையது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையின் கை பென்சில் பிடிக்கப் பழகுவதற்கு முன்பே அதன் வாய் கதைக்குத் தயாராகிவிடுகிறது. கை பழகட்டும் என்று காத்திருந்தால் வாயில் இருந்த கதை போய்விடும். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், சொன்னது சொன்னபடியே. 'தொலைஞ்சு போச்சு' என்றால் 'தொலைஞ்சு போச்சு'தான், அதைத் 'தொலைந்துவிட்டது' என்று திருத்த வேண்டாம். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். தன் பேச்சு தாளிலிருந்து திரும்ப வருவதைக் கேட்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். பிறகு தானே எழுத ஆரம்பித்ததும், சின்ன ர பெரிய ற, இந்த ண அந்த ன என்று சிவப்பு மையோடு போகாதீர்கள். அதற்கு வேறு நேரம் இருக்கிறது, பாடநோட்டு இருக்கிறது. எறும்பு அழுததைச் சொல்லவந்த பிள்ளையிடம் முதலில் பேச வேண்டியது எறும்பைப் பற்றித்தான்.

கதை பாதியில் நின்றுவிட்டால் நல்லொழுக்கத்தைச் சொல்லி முடித்துவைக்காதீர்கள். அந்த உயிரின் உடம்புக்குள் போகிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்று ஒரு சிறுமியிடம் சொன்னேன், அது உண்மைதான், அதன் கால்களில் ருசி அறியும் உறுப்புகள் இருக்கின்றன. உடனே அவள், 'நான் ஒரு இலையை மிதிச்சேன், கசந்துச்சு, வேற இலைக்குப் போனேன்' என்று ஆரம்பித்துவிட்டாள். மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் வெளிச்சம் பட்டால் தோலுக்குத் தெரியும். மூச்சு விடுவதும் அந்த ஈரமான தோலாலேயே. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை மழை விட்ட பிறகு வெறும் தரையில் காய்ந்துகொண்டிருக்கிற மண்புழுவைச் சும்மா தாண்டிப் போகாது, ஈர இலையில் எடுத்து மண்ணில் விடும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். அப்படியென்றால் பச்சைப் புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை அது எப்படித் தேடும்? ஒரு கதைக்கு இது போதும்.

கஷ்டமான கேள்வியும் வரும். 'எறும்பை மிதிக்கக்கூடாதுன்னா கொசுவை மட்டும் ஏன் அடிக்கிறீங்க?' இதற்கு மழுப்பாதீர்கள். கொசு நோயைக் கொண்டுவருகிறது, அதனால் நம்மைக் காப்பாற்றிக்கொள்கிறோம். பெண் கொசு மட்டும்தான் ரத்தம் குடிக்கும், அதுவும் முட்டைக்காக. இரண்டையும் சொல்லுங்கள். நம்மைக் காத்துக்கொள்வது வேறு, பிடித்துச் சிறகைப் பிய்த்து வேடிக்கை பார்ப்பது வேறு என்பது பிள்ளைக்குப் புரியும். நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரியும்.

ஒரு விலங்கின் வாயால் கதை சொன்னால் உலகத்தில் ஏதாவது மாறுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அன்னா சூவெல் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி. சிறுமியாக இருக்கும்போது விழுந்து கணுக்காலில் அடிபட்டதிலிருந்து அவரால் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதானாலும் குதிரை வண்டிதான். அந்தக் காலத்தில் பணக்கார வண்டிகளில் குதிரை தலையைக் கம்பீரமாகத் தூக்கியபடி நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு வாரால் தலையை மேலே இழுத்துக் கட்டுவார்கள். கழுத்தைத் தாழ்த்த முடியாது, மேட்டில் வண்டி இழுக்கும்போது முன்னால் சாய்ந்து பலம் கொடுக்க முடியாது, மூச்சுத் திணறும். அவர் அந்தக் குதிரையே 'நான்' என்று பேசுகிற மாதிரி ஒரு நாவல் எழுதினார். பெயர் 'பிளாக் பியூட்டி', 1877இல் வெளிவந்தது. உடம்பு முடியாமல், தாளில் எழுத முடியாத நாட்களில் அவர் சொல்லச் சொல்ல அவருடைய அம்மா எழுதியிருக்கிறார். பாருங்கள், இங்கேயும் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதியதுதான். அந்த நாவலை அன்னா முக்கியமாகக் குதிரைகளோடு வேலை செய்கிறவர்களை மனதில் வைத்தே எழுதினார், பிள்ளைகள் பிறகு தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். புத்தகம் வந்த அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார். ஆனால் அந்த வாருக்கு எதிராக ஜனங்கள் பேசியதில் அந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. குதிரைக்கு வலிக்கிறது என்று அதற்கு முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள். குதிரையே சொல்வதைக் கேட்டபோது அது ஜனங்களுக்கு உறைத்தது.

சரி, நாய்க்கு வருகிறேன், இது முக்கியம். பிள்ளைக்கு அன்பு வந்துவிட்டால் முதலில் செய்வது கட்டிப்பிடிப்பது. பல நாய்களுக்கு அது பிடிக்காது. வாலாட்டினால் எல்லா நாயும் விளையாட வருகிறது என்று அர்த்தமில்லை. உடம்பு விறைத்துக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பினால் 'என்னை விடு' என்கிறது. இதைப் பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், இதுவும் ஒரு வாசிப்புதான். தின்னும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது கிட்டே போகவே கூடாது. வளர்த்தவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மீறிக் கடித்துவிட்டாலோ பிராண்டிவிட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும், சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம், உடனே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி அதை வராமல் தடுத்துவிடும். திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளை மறைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் 'நாய் கடிச்சா சொல்லு, நான் திட்டமாட்டேன்' என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். தயவுசெய்து இன்றைக்கே.

தொடாமல் இருப்பதும் அன்புதான் என்பதற்குத் தரையில் கிடக்கும் பறவைக் குஞ்சையும் சொல்ல வேண்டும். இறகு நன்றாக முளைத்து, தத்தித் தத்திப் போகிற குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகுகிறது, தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவருவது உதவி இல்லை. பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து கவனிப்பதுதான் உதவி. இறகு முளைக்காத குஞ்சு கூட்டிலிருந்து விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம், மனிதர் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது. தள்ளி உட்கார்ந்த பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். தாய் எத்தனை தடவை வந்தது, வாயில் என்ன கொண்டுவந்தது. கதை அங்கேயே கிடைத்துவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று இந்த ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வளர்த்த பிராணி செத்துப்போனால் 'தூங்கிடுச்சு' என்று சொல்லாதீர்கள், பிள்ளைக்குத் தூங்கவே பயம் வந்துவிடும். செத்துப்போச்சு, இனி மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது என்று சொல்லுங்கள். அழட்டும். அதற்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில், 'அதுக்குக் காதுக்குப் பின்னால சொறிஞ்சா பிடிக்கும்ல' என்று தானாகவே ஆரம்பிக்கும். அப்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள், அது சொல்கிறபடியே. வணக்கம்.