நான்கு வருடப் பட்டாளம்

நேயர்களுக்கு வணக்கம். பதினேழு வருடம் தரைப்படையில் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஊர் திரும்பியவன் நான். அன்றைக்கு எனக்கு வயது 36. கையில் டிஸ்சார்ஜ் புத்தகம், கேன்டீன் கார்டு, மாதம் பிறந்தால் பென்ஷன். பெரிய தொகை இல்லை. ஆனாலும் மளிகைக்கடைக்காரர் தயங்காமல் கணக்கு எழுதிக்கொண்டார். அப்புறம் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வங்கியில் காவலர் வேலை.

சரி, என் கதை போதும். இனி ஊர் திரும்பப்போகிற பையன்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2022 ஜூனில், படைக்கு ஆள் எடுக்க அக்னிபத் என்ற திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இதில் சேர்கிறவர்களுக்கு அக்னிவீரர் என்று பெயர். பதினேழரை வயதில் சேரலாம், நான்கு வருடம் பணி. நூற்றுக்கு 25 பேர் வரை படையில் தொடர்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. தரைப்படையின் முதல் அணி 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. அவர்கள் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது.

பிரியும்போது சேவா நிதி என்று வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும், வருமான வரி கிடையாது. பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது, பாதி அரசு போட்டது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. இதெல்லாம் பணி நிபந்தனையிலேயே இருக்கிறது. மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதினெட்டு வயதில் யார் நிபந்தனையைப் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை.

பென்ஷன் விவாதம் ஓயாது, அதை விடுங்கள். அந்தக் கடைசி 'இல்லை'தான் என்னை உறுத்துகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பதிவு, வேலைக்குப் பரிந்துரை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் அங்கேதான். இந்தப் பையன் போய் நின்றால் அவன் பெயரை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

உடம்பு சங்கதி ஒன்று. பயிற்சியில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு என் காது மங்கியது எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது. காட்ட எனக்கு இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனை இருந்தது. அவனுக்கு அதுவும் கிடையாது.

எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். இப்படிப்பட்ட ஊரில் வழிசொல்லத் தாத்தாவோ சித்தப்பாவோ இருப்பார். வீட்டிலேயே முதல் ஆளாகப் போனவனுக்கு யார் இருக்கிறார்கள்? 22 வயதில் கையில் 11 லட்சம் என்று தெரிந்தால், அக்கா கல்யாணம் முதல் மனை புரோக்கர் வரை வரிசையில் நிற்பார்கள்.

துணை ராணுவப் படைகளில் ஒதுக்கீடு தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் மறுபடி துப்பாக்கிதானா? சிக்னல், வண்டி மெக்கானிக் வேலை கற்றவனும் வருகிறான். அவன் கையில் இருக்கும் திறன் சான்றிதழுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் என்ன மதிப்பு என்று, அவன் வருவதற்கு முன்பே அதிகாரிகள் கம்பெனிகளிடம் பேசி வைக்க வேண்டும். நல அலுவலகத்தில் அவனுக்கென்று ஒரு பதிவேடும் திறக்க வேண்டும்.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்திலும் இதைக் கிளப்பினேன். விதியைத் திருத்தி அக்னிவீரர்களை உறுப்பினராகச் சேர்க்கலாமே என்றேன். "பென்ஷன் இல்லாதவன் சந்தா எப்படிக் கட்டுவான்?" என்று கேட்டார் ஒரு சுபேதார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்கப்போகிறேன். வணக்கம்.