ஆல்புமின் 3.2 என்றால் இம்யூனோதெரபி பலிக்காதா?

(திரையில்: ரத்தப் பரிசோதனை அறிக்கை. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.2 கிராம். வெள்ளையணுக்கள் 7,000. அவற்றில் லிம்போசைட் என்ற வகை 16 சதவீதம்.)

இரைப்பைப் புற்றுநோய்க்கு அடுத்த வாரம் இம்யூனோதெரபி, அதாவது நம் நோயெதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கவைக்கும் சிகிச்சை, தொடங்கப்போகும் ஒருவரின் அறிக்கை இது என்று வைத்துக்கொள்வோம். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணக்குப் போட்டால் 21.3 வரும். 'எடை சரியாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு இவர் 64 கிலோ. ஆறு கிலோ போயிருக்கிறது, அதாவது 9.4 சதவீதம். ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய இன்று உலகெங்கும் பயன்படும் 'கிளிம்' வரையறையில், ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைவது ஓர் அளவுகோல். அதோடு சாப்பாடு குறைந்திருந்தாலோ உடலில் அழற்சி இருந்தாலோ குறைபாடு உறுதி. இவருக்கு இரண்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'முன்பு எவ்வளவு இருந்தீர்கள்?'

சரி, எடைக்கும் இந்த மருந்துக்கும் என்ன தொடர்பு?

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் புற்றுசெல்லை நேராகக் கொல்வதில்லை. நோயோடு போராடும் நம் டி செல்களுக்கு பி.டி-1 என்ற புரதம் ஒரு கடிவாளம். புற்றுநோய் அதைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு ஓட வேண்டியது குதிரை. பட்டினி கிடந்த குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்து என்ன பயன்?

(திரையில்: கல்லீரல், அதிலிருந்து அட்ரினல் சுரப்பிக்கு ஓர் அம்புக்குறி.)

இது வெறும் உவமை இல்லை. குடல், கணையப் புற்றுநோய் வைத்த எலிகளில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதன் வழியைக் காட்டியது. கட்டி தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம், கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. உணவு குறையும்போது உடலுக்கு மாற்று எரிபொருள் கிடைப்பதில்லை. உடல் அதைப் பேராபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினல் சுரப்பி வழியே ஸ்டீராய்டு ஹார்மோனைக் கொட்டுகிறது. அந்த ஹார்மோன் கட்டிக்குள் இருக்கும் நோயெதிர்ப்பு வேலையை அடக்கிவிடுகிறது, சிகிச்சை தோற்கிறது.

இரண்டாவது வழி, மருந்தே சீக்கிரம் உடலைவிட்டுப் போவது. இந்த மருந்துகள் ஆன்டிபாடிகள் என்ற புரதங்கள். பெம்ப்ரோலிசுமாபின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் காலம், சுமார் 22 நாள். அத்தனை நாள் அது ரத்தத்தில் நிற்பதற்குக் காரணம் எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி, செல்லுக்குள் போன ஆன்டிபாடியைச் சிதையவிடாமல் மறுபடி ரத்தத்துக்கே அனுப்புவது அதுதான். ஆல்புமினையும் அதே ஏற்பிதான் காப்பாற்றுகிறது. உடல் உருகும் நிலையில் புரதச் சிதைவு கூடுகிறது, ஆல்புமின் இறங்குகிறது, மருந்தும் வேகமாக வெளியேறுகிறது. 'அப்படியானால் டோஸைக் கூட்டலாமே' என்று தோன்றலாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் பெம்ப்ரோலிசுமாபைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற இரண்டு அளவிலும் பார்த்தார்கள். மருந்தை வேகமாக வெளியேற்றியவர்கள் இரண்டு அளவிலுமே குறைந்த காலமே வாழ்ந்தார்கள். பிரச்சினை மருந்தின் அளவில் இல்லை, உடலின் நிலையில் இருக்கிறது.

(திரையில்: கணக்கு.)

இப்போது அந்த அறிக்கைக்கு வருவோம். பி.என்.ஐ. என்ற ஊட்டச்சத்துக் குறியீட்டை ஜப்பானில் ஒனோடெராவின் குழு 1984இல் செரிமான உறுப்பு அறுவை சிகிச்சைக்காக வகுத்தது. ஆல்புமினைப் பத்தால் பெருக்குங்கள்: 32. லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்குங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். அறிக்கையில் உள்ள 16 என்பது சதவீதம், எண்ணிக்கை அல்ல. 7,000இல் 16 சதவீதம் 1,120. அதை 0.005ஆல் பெருக்கினால் 5.6. மொத்தம் 37.6. இன்னொரு சறுக்கல் அலகு. சில ஆய்வகங்கள் ஆல்புமினை லிட்டருக்கு 32 கிராம் என்று தரும். அதை மறுபடி பத்தால் பெருக்கக் கூடாது.

பல ஆய்வுகள் 45ஐ ஒட்டி எல்லைக்கோடு போடுகின்றன. உணவுக்குழாய், இரைப்பை, கல்லீரல், குடல் என்று எங்கே பார்த்தாலும், எண் தாழ்ந்தவர்களுக்கு இம்யூனோதெரபியில் ஆயுள் சராசரியாகக் குறைவு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்தவை. நோய் முற்றியவருக்கு ஆல்புமினும் இறங்கும், ஆயுளும் குறையும். எது எதற்குக் காரணம் என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே 37.6 என்பதைப் பார்த்துவிட்டு மருந்தை மறுப்பது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து. கட்டியின் தன்மைதான் முதலில். மைக்ரோசாட்டலைட் நிலையின்மை (டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதானதன் அடையாளம்) உள்ள முற்றிய குடல் புற்றுநோயில், கீமோவில் 8.2 மாதமாக இருந்த நோய் முன்னேறாத இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டும் அளவு) பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதமானது. அந்த நிலையின்மை இல்லாத குடல் புற்றுநோயில் இதே மருந்தைத் தனியாகக் கொடுத்தால், ஆல்புமின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலன் அநேகமாகக் கிடைக்காது.

எண் தாழ்ந்திருந்தால் ஏன் என்று தேட வேண்டும். முதலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆல்புமினை இறக்கியதில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அடைபட்ட பித்தநாளத்தில் தொற்று இருந்தால், அதை வடிக்காமல் எத்தனை புரதம் கொடுத்தாலும் எண் ஏறாது. ஆல்புமின் பாட்டில் ஏற்றினால் அறிக்கை அழகாகும், ஊட்டம் ஏறாது. கல்லீரல் புற்றுநோயில் இன்னும் கவனம் தேவை: அங்கே ஆல்புமின் குறைவது கல்லீரலின் தயாரிப்புத் திறன் குறைந்ததைக் காட்டுகிறது, வீங்கிய மண்ணீரலும் லிம்போசைட்டைக் குறைத்துவிடும். வயிற்றில் நீர் கோத்தவரின் எடையை நம்பவே கூடாது. நீர் எடை ஏறிக்கொண்டிருக்க, அடியில் தசை கரைந்துகொண்டிருக்கும். உணவுக்குழாய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கு லிம்போசைட் குறைந்ததற்குச் சாப்பாட்டைவிடக் கதிர்வீச்சே காரணமாக இருக்கலாம்.

தசையைப் பார்க்கத் தனிச் சோதனை வேண்டாம். சிகிச்சைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கலாம். பருமனான உடலுக்குள் ஒளிந்திருக்கும் தசைக் குறைவு இதில்தான் வெளிப்படும். ஸ்கேன் அறிக்கை எழுதுபவரிடம் கேட்டால்தான் இது கிடைக்கும், கேளுங்கள்.

(திரையில்: 58 கிலோ. ஒரு நாளுக்கு 1,450 முதல் 1,740 கலோரி.)

இலக்கு என்ன? ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்க வழிகாட்டுதல்படி கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி. புரதம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 வரை. நம் நோயாளிக்கு 87 கிராம் வரை புரதம். இரைப்பையில் கட்டி உள்ளவரால் மூன்று வேளையில் இதைச் சாப்பிட முடியாது. ஆறேழு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். விழுங்கவே முடியவில்லை என்றால் தாமதிக்காமல், அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் அல்லது உணவு செலுத்தும் டியூப் பற்றிப் பேச வேண்டும். கடைசிக் கட்டம் வரை தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கணையப் புற்றுநோயில் மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தால் சாப்பிட்டது சேரவில்லை என்று பொருள். செரிமான என்சைம் காப்ஸ்யூலைச் சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வீண். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்குப் புரதத்தைக் குறைக்காதீர்கள். படுக்கும் முன் ஒரு சிற்றுணவு கொடுத்தால் இரவுப் பட்டினியில் தசை கரைவது குறையும்.

அவசரம் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு முதல் நாளிலேயே முழு அளவு கொடுத்தால் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று சரிந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். அதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மோசமாக மெலிந்தவருக்குக் கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவதே முறை.

இத்தனைக்கும் பலன் உண்டா? சீனாவில் முற்றிய உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயாளிகள் 328 பேரிடம் கீமோவோடு ஊட்டச்சத்து, மனநல ஆதரவைத் தொடக்கத்திலேயே சேர்த்துப் பார்த்தார்கள். இடைநிலை ஆயுள் 11.9 மாதத்திலிருந்து 14.8 மாதமாகக் கூடியதாக 2021இல் வெளியானது. அது கீமோ ஆய்வு, இம்யூனோதெரபி ஆய்வு அல்ல. இரண்டு ஆதரவில் எதன் பங்கு எவ்வளவு என்றும் பிரிக்க முடியாது. ஆனாலும் நம்பிக்கை தரும் எண்.

பசிக்காக ஸ்டீராய்டு கேட்கிறவர்கள் உண்டு. இம்யூனோதெரபி தொடங்கும் நேரத்தில் தினமும் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எடுப்பவர்களுக்குப் பலன் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. பசிக்கென்று அதை வாடிக்கையாகத் தொடங்க வேண்டாம். குறைந்த அளவு ஒலான்சபின் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் இம்யூனோதெரபி மருந்தின் பக்கவிளைவுக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டால் ஒரு நாளும் மறுக்கக் கூடாது.

(திரையில்: வாராந்திர எடை அட்டவணை.)

வாரம் ஒரு முறை, அதே தராசில், காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு எடை சரிந்தால் எல்லாவற்றையும் புற்றுநோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு என்றால் அது மருந்தால் வந்த குடல் அழற்சியாக இருக்கலாம். படபடப்போடு மெலிந்தால் தைராய்டு. எழ முடியாத சோர்வு, தாழ்ந்த ரத்த அழுத்தம், குறைந்த சோடியம் என்றால் காலை நேரக் கார்டிசோல் (அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பரிசோதனை அவசியம். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து சில நாளில் எடை விழுந்தால், சத்துமாவைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல், அன்றே ரத்தச் சர்க்கரையும் கீட்டோனும் பார்க்க வேண்டும்.