அண்ணாந்து பார்க்காதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மான் வேட்டைக்குப் போகிறவர்கள், மானின் போக்குவரத்தைத் தெரிந்துகொள்ள, காட்டில் மரத்தில் கட்டி வைக்கும் கேமரா திருட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய திறமை ஒன்றும் கிடையாது. ஆறு வருஷத்தில் மூன்று கேமராவும் ஒரு மெமரி கார்டும் பறிகொடுத்திருக்கிறேன், அதுதான் என் தகுதி.

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் தென்கிழக்கே. ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வேட்டை என்றாலே ஜெயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. மான்கள் ஏராளம். உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுடலாம். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாகப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு முடித்திருந்தால்தான் அந்தச் சீட்டே கிடைக்கும். நாற்பது வயதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அந்த வகுப்பை நான் முடித்தேன். அதிலே ஒரு பையன் எனக்குப் பரீட்சைக்கு உதவி செய்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம்.

சொந்தமாக நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தில் வேட்டையாடுவார்கள். என்னைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்காரனுக்கு ஏது நிலம்? அரசாங்கக் காடுதான் கதி. நான் போவது கெட்டில் மொரெய்ன் என்ற காட்டின் தென்பகுதிக்கு. பனியுகத்தில் புதைந்துபோன பெரிய பனிப்பாளங்கள் பின்னால் உருகியபோது தரை உள்வாங்கி, அண்டா அண்டாவாகக் குழிகள் விழுந்த நிலம் அது. அந்தக் குழிகளுக்குத்தான் கெட்டில் என்று பெயர். ஓக் மரங்கள், மேடு பள்ளம், இடையிடையே சதுப்பு. காடு எல்லாருக்கும் பொது. வேட்டைக்காரன் வருவான், காளான் பொறுக்குகிறவர் வருவார், நாயோடு நடக்கிறவர் வருவார். ஐஸ் ஏஜ் நடைபாதை அந்தக் காட்டுக்குள்ளேயே போகிறது, அதில் முதுகுப்பையோடு நடந்து போகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் அங்கே இருக்க உரிமை இருக்கிறது. அங்கேதான் நம் கேமராவும் தனியாக நிற்க வேண்டும், வாரக்கணக்கில்.

கேமரா என்றால் ஒரு செங்கல்லில் முக்கால் அளவுள்ள பெட்டி. ட்ரெயில் கேமரா என்பார்கள். நம் வனத்துறையில் தானியங்கி கேமரா என்று சொல்வது இதன் உறவுதான். உடல் சூடுள்ள ஒன்று முன்னால் அசைந்தால் தானாகவே படம் எடுக்கும். இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. பக்கத்து மாநிலமான மிச்சிகனில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே நூலைக் கட்டி, மான் அதில் இடறினால் வெளிச்சம் வெடித்துப் படம் விழும்படி செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே மூச்சில் வெளியிட்டது. அன்றைக்கு அது அதிசயம். இன்றைக்கு ஐம்பது டாலர் கொடுத்தால் கடையில் கிடைக்கிறது, விலை கூடியதும் இருக்கிறது.

முதல் கேமராவை நான் கட்டிய விதத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மான் தடம் தெளிவாகத் தெரிந்த இடம். நெஞ்சு உயரத்தில், கறுப்புப் பட்டையால், வழவழப்பான மரத்தில் கட்டினேன். மேலே விரல் தடிமனுக்கு எஃகுக் கம்பிவடப் பூட்டு. கேமராவின் விலையில் பாதி அந்தப் பூட்டுக்கே போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் போனால் மரம் இருக்கிறது, அறுந்த கம்பிவடம் இருக்கிறது, பட்டைகூட இருக்கிறது. கேமரா மட்டும் இல்லை. கம்பி வெட்டும் கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது மான் பார்க்க வருவார்களா? இங்கே பூட்டு இருக்கிறது என்று முதல் தடவை பார்த்துப் போனவன்தான் மறு தடவை கத்தரியோடு வந்திருக்கிறான். அதாவது, பூட்டே அவனுக்குத் தகவல் சொல்லியிருக்கிறது.

அடுத்த வருஷம் இன்னொரு மரத்தில் கேமரா அப்படியே இருந்தது. உள்ளே கார்டு மட்டும் இல்லை. இது வேறு ஜாதித் திருட்டு. தன் முகம் படத்தில் விழுந்தது பிடிக்காதவன் ஒருவன். அல்லது இந்தப் பக்கம் எந்தக் கொம்பு மான், எத்தனை மணிக்குப் போகிறது என்று ஓசியில் தெரிந்துகொள்ள நினைத்தவன். பொதுக் காட்டில் அந்தத் தகவலுக்குக் கேமராவைவிட மதிப்பு அதிகம்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் புலம்பினேன். ஐம்பது வருஷமாக இந்தக் காட்டில் நடப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்வி. "மான் எங்கே நடக்கும், எங்கே திரும்பும், எதைப் பார்த்து மிரளும் என்று இத்தனை நாள் படித்தாயே, மனுஷன் எங்கே நடப்பான் என்று ஒரு நாளாவது படித்தாயா?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று நம் ஊரில் கேட்பார்கள். காட்டில் காப்பான் வாரம் ஒரு முறைகூட வருவதில்லை, ஆகவே பலத்தில் கள்ளன்தான் பெரியவன். அவனுடைய கண்ணுக்குப் படாமல் இருப்பதுதான் நமக்கு மிச்சம் உள்ள வழி.

மனிதன் சோம்பேறி. மேட்டின் முகட்டிலும் பழைய வண்டித் தடத்திலும்தான் நடப்பான். கால் நனையும் இடத்துக்குப் போகமாட்டான். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அரை மைல் போவதற்குள் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். இது என் கணக்குத்தான், ஆனாலும் நம்பிக்கையான கணக்கு. ஆகவே நான் இப்போது முழங்கால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சதுப்பைத் தாண்டித்தான் கேமரா கட்டுகிறேன். மானுக்கும் அந்த இடம் பிடித்திருக்கிறது. மனிதத் தொல்லை இல்லாத இடத்தைத்தான் அதுவும் தேடுகிறது.

இன்னொன்று, மனிதன் அண்ணாந்து பார்ப்பதில்லை. காட்டில் நடப்பவன் காலடியைப் பார்ப்பான், நேரே பார்ப்பான், அதோடு சரி. எனவே கேமராவைப் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் கட்டி, பின்பக்கம் ஒரு சுள்ளியைச் செருகி முகத்தைக் கீழே சாய்த்து வைத்தால் போதும். மரத்தில் பட்டையால் கட்டிக் கழற்றும் ஏணித்துண்டுகள் கடையில் கிடைக்கின்றன, ஏறி இறங்கிய பின் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். மரத்தில் ஆணி, திருகாணி அடிக்கக் கூடாது, இங்கே அரசு நிலத்தில் அது குற்றம். தனியாக ஏறும்போது உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். ஐம்பது டாலர் பெட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. உயரத்தில் கட்டுவதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. கேமராவின் உணர்வு எட்டும் இடம் சுருங்கிவிடும், சில மான்கள் படத்தில் விழாமலே போய்விடும். பரவாயில்லை, கேமராவாவது இருக்குமே.

அப்புறம் கோடுகள். காட்டில் எல்லாம் நெளிவு சுளிவுதான், நேர்கோடு அரிது. வழவழப்பான மரத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை குறுக்கே போனால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். கேமராவைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பட்டைதான். சொரசொரப்பான மரப்பட்டை உள்ள, கேமராவைவிட நன்றாக அகலமான மரம், அல்லது ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டாகக் கிளைத்த மரம் நல்லது. மறைக்கிறேன் என்று பக்கத்துக் கிளையை வெட்டாதீர்கள். வெட்டிய இடம் வெள்ளையாகப் பல்லைக் காட்டும், சட்டமும் அனுமதிக்காது.

இரவுப் படத்துக்குக் கேமரா அகச்சிவப்பு ஒளி அடிக்கிறது. 850 நானோமீட்டர் அலைநீள ஒளி என்றால் பீடி நெருப்பு மாதிரி மங்கலாகச் சிவப்பு தெரியும், இருட்டில் நடக்கிறவன் அதைப் பார்த்துவிடுவான். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. படம் கொஞ்சம் மங்கல்தான், தூரமும் குறைவு. பொதுக் காட்டுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பனி விழுந்துவிட்டால் இத்தனை சாமர்த்தியமும் வீண். என் மூன்றாவது கேமரா அப்படித்தான் போயிற்று. புதுப் பனியில் நேராக நடந்து போய்க் கார்டை மாற்றிவிட்டு, அதே தடத்தில் திரும்பி வந்தேன். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மரத்தடி வரைக்கும் ஒரே கோடு. திருடனுக்கு நானே வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்! இப்போதெல்லாம் பனிக்காலத்தில் கேமரா பக்கம் போவதில்லை. போயே ஆக வேண்டும் என்றால் மரத்தைத் தாண்டி நெடுந்தூரம் நடந்து, இரண்டு மூன்று இடத்தில் சும்மா நின்று, வேறு பக்கமாக வெளியே வருவேன். மற்ற நாட்களில் மழை தூறும் வார நாள் மதியம்தான் எனக்குப் பிடித்த நேரம். ஆளும் இருக்கமாட்டார்கள், என் வாசனையும் கழுவிப் போகும்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்ற பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது, ஒன்பது நாள். காடு முழுக்க, மற்றவர் கண்ணில் பட வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு உடை. வருஷத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் காட்டுக்கு வருபவர்கள் மூலை முடுக்கெல்லாம் போவார்கள். அதற்கு முன்பே கேமராக்களை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன். இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

செல்பேசிக் கேமரா வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிம் கார்டோடு வரும் கேமரா எடுத்த படத்தை உடனே உங்கள் போனுக்கு அனுப்பிவிடும். திருடன் பையில் போடுவதற்குள் அவன் முகம் உங்கள் கையில். மாதா மாதம் கட்டணம் உண்டு, குழிப் பக்கம் சிக்னலும் எட்டாது. நல்லதுதான், ஆனால் முகம் கிடைத்த பிறகு என்ன செய்வீர்கள்? தயவுசெய்து நீங்களே போய் நிற்காதீர்கள், அங்கே எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. படத்தை ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம், வெறுமனே வழிப்போக்கனாகவும் இருக்கலாம். வனவிலங்கு வார்டனிடமோ ஷெரிஃப் அலுவலகத்திலோ கொடுங்கள். கேமராவின் வரிசை எண்ணை வாங்கிய அன்றே எழுதி வைத்திருந்தால்தான், கிடைக்கும்போது உங்களுடையது என்று சொல்ல முடியும். பொது நிலத்தில் இருந்தாலும் அது உங்கள் பொருள்தான். விஸ்கான்சினில் 2,500 டாலருக்கு மேற்படாத திருட்டுக்குக்கூட 9 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

சாவிக்கொத்தில் போடும் சின்ன வட்டமான தேடும் கருவியைக் கேமராவுக்குள் ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு. அது பக்கத்தில் இருக்கும் பிறருடைய போன்கள் வழியாகத்தான் இடத்தைச் சொல்லும். நடுக்காட்டில் யார் போன் இருக்கிறது? திருடன் வீட்டுக்குப் போன பிறகு வேண்டுமானால் பேசும்.

விஸ்கான்சினில் மாநில இயற்கைவளத் துறையின் நிலத்தில் வைக்கும் கேமராவில் பெயரும் முகவரியும், அல்லது துறை தரும் வாடிக்கையாளர் எண், வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். நான் எண்ணைத்தான் ஒட்டுகிறேன். முகவரியை ஒட்டினால், ஐயா வீட்டில் இல்லை, காட்டில் இருக்கிறார் என்று நாமே திருடனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகும்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அங்கே கேமரா வைக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசோனாவில் வேட்டைக்காக இதை வைப்பதே 2022 ஜனவரியிலிருந்து தடை. அங்கே வறண்ட பூமி, இருக்கிற நாலு தண்ணீர்க் குட்டையையும் சுற்றிக் கேமராக்கள். பார்க்க வருகிறவர்களின் நடமாட்டத்தில் விலங்கு தண்ணீர் குடிக்கவே தயங்கும் நிலை. கான்சாஸ் 2023இல் மாநிலப் பொது நிலங்களில் தடை போட்டது. நெவாடாவிலும் யூட்டாவிலும் வேட்டை மாதங்களில் கட்டுப்பாடு. இந்தத் தடைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மானின் ஒவ்வொரு அசைவும் போனில் வந்து விழுந்தால் அதை வேட்டை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நம் ஊர்க் காடுகளில் புலிக் கணக்கெடுப்புக்கு வைக்கும் கேமராக்களை ஜோடியாக, எதிரும் புதிருமாக வைப்பார்கள். புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு வேறு என்பதால் இரண்டும் வேண்டும். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் அப்படி வைத்து 3 கோடியே 48 லட்சம் படங்கள் எடுத்தார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கும் ஜோடி யோசனை வந்தது. கீழே கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பழுதான கேமரா, எதிர் மரத்தின் உச்சியில் அதைப் பார்த்தபடி நல்ல கேமரா. கீழே இருப்பதை இன்னும் யாரும் தொடவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

போன அக்டோபரில் நடந்ததைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். செப்டம்பரில் இலை அடர்ந்திருந்தபோது பன்னிரண்டு அடி உயரத்தில் ஒன்றை ஒளித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் இலையெல்லாம் கொட்டி, காடே வேறு காடாக இருக்கிறது. போனில் இடம் குறித்திருந்தேன், ஆனால் அது சொன்ன இடத்தில் ஒரே மாதிரி நாற்பது ஓக் மரம். இரண்டு மணி நேரம் சுற்றினேன். இதுவும் போயிற்று என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். பத்து நாள் கழித்துப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வண்டியை விட்டு இறங்கி, நடந்து, நின்று, தலையை உயர்த்தி, "இதோ" என்றார்.

வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நரி, ஏழெட்டு மான், அப்புறம் வரிசையாக அறுபத்து மூன்று படங்களில் நான். இடது பக்கம் பார்க்கிறேன், வலது பக்கம் பார்க்கிறேன், போனைப் பார்க்கிறேன், தரையைப் பார்க்கிறேன், எதிர் மரத்தில் சாய்ந்து நின்று தண்ணீர் குடிக்கிறேன். அறுபத்து மூன்றில் ஒன்றில்கூட என் முகம் மேலே திரும்பவில்லை.

வணக்கம்.